மழைக்குப் பலகை படிக்கத் தெரியாது

கவியரங்கத்தில் எனக்குக் கொடுத்திருந்த தலைப்பைக் கேட்டதும் முதலில் வந்தது கோபம். இரண்டாவதாக வந்ததும் கோபம்தான். அறுபதுகளின் நடுவில், செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து படிப்பகம் நடத்திக்கொண்டிருந்தோம். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வருஷா வருஷம் கவியரங்கம் வைப்போம். அந்த வருஷம் பொதுத் தலைப்பு ‘மண்ணின் பாடல்’. ஒருவருக்குக் கோட்டை, ஒருவருக்கு உழவு, ஒருவருக்குத் தமிழ். எனக்கு ‘கடல் கடந்த கண்ணீர்’. அமெரிக்காவில் கறுப்பின மக்களைத் தனி வாசல், தனி இருக்கை, தனிப் பள்ளிக்கூடம் என்று ஒதுக்கி வைத்திருந்ததைப் பற்றிப் பாட வேண்டுமாம். மண்ணின் பாடலில் எனக்கு மட்டும் மண் அமெரிக்காவில் இருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது கோட்டை. நான் பிறந்த காலனி, செஞ்சிக்கு வெளியே ஏரிக்கரை ஓரம் இருந்தது. அங்கே நின்று பார்த்தால் காலையில் முதலில் தெரிவது கோட்டைமலைதான். எந்த ராஜா கட்டினான், எந்த நவாபு பிடித்தான் என்று ஊரில் எல்லோரும் சொந்தம் கொண்டாடுவார்கள். அத்தனை கல்லையும் மலைமேல் சுமந்துகொண்டு போனது யார் என்று யாரும் கேட்டதில்லை. கோட்டைக் குன்றுகளில் சிறியது ஒன்றுக்குச் செருப்புத் தைக்கிறவர்களின் சாதிப் பெயர் வழங்கிவந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதன்மேல் ஏறுவதில்லை. இதையெல்லாம் வைத்து, மேடையில் நின்று, இது என் ஊர் என்று ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை. ஊருக்கு வெளியே பிறந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்பது ஊருக்குள்ளே பிறந்தவர்களுக்கு விளங்காது.

தலைப்புகளைப் பிரித்துக் கொடுத்தவன் என் நண்பன். மளிகைக் கடைக்காரர் மகன், என்னோடு ஹைஸ்கூலில் படித்தவன், படிப்பகத்தின் செயலாளர். பட்டணத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டுத் திரும்பிவந்து மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் இருந்த வல்லத்தில் பிளாக் ஆபீசில் குமாஸ்தா. தினமும் சைக்கிளில் போய்வருவேன். அவன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகவே கேட்டேன்.

“இன்னாப்பா இது? கோட்டைய எனக்குக் குடுத்திருக்கலாமில்ல?”

“கோட்டையப் பாடப்போறவரு அத்த போன வருசமே கேட்டு வச்சிட்டாருப்பா. உனக்குன்னு யோசிச்சித்தான் இத்த வச்சேன். உனக்கு இருக்கற பீலிங்கு வேற எவனுக்கு வரும், சொல்லு?”

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வல்லத்துக்குப் போயிருப்பேன். நல்ல எண்ணத்தோடு ஒருவன் நம்மை ஒதுக்கும்போது அவனை என்ன சொல்லித் திட்டுவது? நான் உர்ரென்று நின்றேன். அவன் பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய தாள் கட்டுக்குள் கையை விட்டு ஒரு தாளை உருவினான்.

“இத்தப் படி. அப்புறமா கோச்சிக்கோ.”

ஏதோ ஆங்கிலப் பத்திரிகையின் தாள். அதில் ஒரு கவிதை. எழுதியவர் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் என்பது மேலே இருந்த இரண்டு வரி முன்னுரையில் தெரிந்தது. தாளின் கீழ்ப்பாகம் ஏற்கெனவே கிழிந்து பொட்டலமாகியிருந்தது. கவிஞரின் பெயரும் கவிதையின் கடைசிப் பத்தியில் பெரும்பகுதியும் யாரோ வாங்கின கொத்துமல்லி விதையோடு போய்விட்டன.

படித்ததும் என் கோபம் தணிந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அணியிலக்கணம் எனக்கு வேப்பங்காய். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வஞ்சப்புகழ்ச்சி என்று வரிசையாக மனப்பாடம் செய்து, பரீட்சைத் தாளில் கக்கிவிட்டு மறந்துபோன சமாசாரம். கவிதைக்கு நகை போட்டு அழகு பார்க்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் கவிதை அந்த நினைப்பை மாற்றியது.

ஒரு சிறிய ஊரின் ரயில் நிலையம். பயணிகள் தங்கும் அறைக்கு நடுவே ஒரு சுவர். இரண்டு பக்கம் இரண்டு கதவு. ஒன்றின் மேல் வெள்ளையருக்கு என்று பலகை, மற்றதின் மேல் கறுப்பருக்கு என்று பலகை. கவிதையில் பேசுகிறவன் அதே ஊர்க்காரன். அவன் அழவில்லை, திட்டவில்லை. ஊரில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகிறான். ஒவ்வொரு பத்தியும் ஒரே அடியில் வந்து முடிகிறது. அதை நான் இப்படித் தமிழாக்கினேன்:

நிலையத்தின் வாசலில் நிழல்மரம் ஒன்று
நேரம் தவறும் கடிகாரம் ஒன்று
அப்பன் இழைத்த அழகுப் பலகை
அமரத்தான் எனக்கு அனுமதி இல்லை
இது என் ஊர்.

நண்பனுக்கு இதில் பிடித்தது மோனை. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி அடி. முதல் தடவை வரும்போது அது வெறும் தகவல். இரண்டாம் பத்தியில் வரும்போது லேசாகச் சந்தேகம் தட்டுகிறது. மூன்றாம் பத்தியில் அது உரிமைக் குரலாகிவிடுகிறது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. முன்னால் வருகிற வரிகள்தான் அதை மாற்றுகின்றன. ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்வது சொல்ல வேறு எதுவும் இல்லாததால் என்று நான் நினைத்திருந்தேன். பிடிவாதக்காரனும் அதைத்தான் செய்வான் என்று அப்போது புரிந்தது.

இரண்டாம் பத்தியில் மழை:

இரண்டு கதவுக்கும் இரண்டு பலகை
இந்த மழைக்கோ படிக்கத் தெரியாது
இங்கும் பெய்தது அங்கும் பெய்தது
இது என் ஊர்.

“டேய், இது தற்குறிப்பேற்றம்டா!” என்று கடையில் உட்கார்ந்தபடியே நண்பன் கத்தினான். இயல்பாக நடக்கிற ஒன்றின்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. மழை தன்பாட்டுக்குப் பெய்கிறது. பலகை படிக்கத் தெரியாததால்தான் இரண்டு பக்கமும் பெய்கிறது என்று காரணம் கண்டுபிடிக்கிறவன் கவிஞன். நாங்கள் படித்த எடுத்துக்காட்டுகளில் மதில்மேல் கொடி அசைந்து வா என்றோ வராதே என்றோ சொல்லும். பத்து மார்க். அதே அணியை வைத்து ஒருவன் ஒரு சட்டத்தையே கேலி செய்ய முடியும் என்று எந்தத் தமிழய்யாவும் எங்களுக்குச் சொன்னதில்லை. படித்தவன் எழுதிய பலகையைப் படிக்காத மழை அழித்துவிடுகிறது என்ற நினைப்பே எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மூன்றாம் பத்தியில்தான் என் கை நின்றுபோனது. அதில் பேசுகிறவன் ஊருக்கு நன்றி சொல்கிறான்.

தனியாய் எனக்கொரு வாசல் தந்தீர்
தள்ளுமுள்ளு இன்றிப் போகத் தந்தீர்
எத்தனை அக்கறை, எத்தனை கருணை
இது என் ஊர்.

புகழ்வது போல இகழ்வது. வஞ்சப்புகழ்ச்சி. எனக்கு இதை விளக்க யாரும் தேவையில்லை, கடைத்தெரு டீக்கடையே போதும். எங்கள் காலனிக்காரர்களுக்கு அங்கே கண்ணாடி கிளாஸ் கிடையாது. வெளிக்கம்பத்தில் ஆணியில் மாட்டிய தகரக் குவளைதான். நான் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்ததும் கடைக்காரருக்குத் தர்மசங்கடம். வெள்ளைச் சட்டை போட்டவனுக்குத் தகரக் குவளையில் எப்படிக் கொடுப்பது? மற்றவர்களின் கிளாசிலும் எப்படிக் கொடுப்பது? ஒரு புது எவர்சில்வர் டம்ளர் வாங்கிவந்து, உள்ளே அலமாரியில் தனியாக வைத்தார்.

“சார், இது உங்களுக்குன்னே வாங்கனது. வேற ஒருத்தரும் வாய் வைக்கமாட்டாங்க” என்றார்.

எத்தனை அக்கறை, எத்தனை கருணை. அதற்கப்புறம் நான் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை. அவருக்கு அது ஏன் என்று இன்றுவரை தெரிந்திருக்காது.

நாலாம் பத்தி, தூரத்தில் ரயில் கூவுவதோடு தொடங்கிக் கிழிந்துபோயிருந்தது. முடிவு நான்தான் எழுத வேண்டும். நண்பன் தெளிவாக இருந்தான்.

“முடிவுல ஒரு விடியல் வச்சிரு. வெளிச்சம், சூரியன், சங்கிலி உடையறது. ஜனங்க சந்தோசமா கைதட்டிட்டு வீட்டுக்குப் போவணும்பா.”

வைத்தேன். கிழக்கு சிவந்தது, சங்கிலி உடைந்தது, எல்லாம் முறைப்படி நடந்தது. விடியல் என்பது கவியரங்கங்களில் மலிவாகக் கிடைக்கிற சரக்கு. எழுதி முடித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அந்தக் கவிஞர் முடிவில் என்ன எழுதியிருப்பார் என்று தெரியாது. இதை நிச்சயம் எழுதியிருக்கமாட்டார்.

கவியரங்கம் கடைத்தெருக் கோடியில் இருந்த மல்லாட்டை மண்டியின் களத்தில் நடந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மூட்டைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, களத்தைப் பெருக்கி, ஜமக்காளம் விரித்து, பெஞ்சுகளைச் சேர்த்து மேடை போட்டிருந்தார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஜமக்காளம் நிரம்பிவிட்டது. கடைக்காரர்கள், வாத்தியார்கள், சுற்றுக் கிராமத்து விவசாயிகள். டீக்கடைக்காரரும் முன்வரிசையில் இருந்தார்.

என் நைனா அந்த மண்டியில்தான் மூட்டை தூக்கினார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, வண்டியிலிருந்து களத்துக்கும் களத்திலிருந்து கிடங்குக்கும் அவர் முதுகில்தான் மல்லாட்டை போயிற்று. அந்தக் களத்தில் எந்த இடத்தில் பள்ளம், எங்கே கால் இடறும் என்பதெல்லாம் அவர் பாதத்துக்குத் தெரியும். அன்று மகன் கவிதை படிப்பதைக் கேட்க, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, காலனிக்காரர்கள் ஏழெட்டுப் பேரோடு வந்திருந்தார். வந்தவர் மண்டியின் கம்பிக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். யாரும் அவரை நிறுத்தவில்லை. உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. நான் மேடையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டேன். இங்கேயே இருக்கிறேன் என்று கையாலேயே பதில் சொன்னார்.

கவியரங்கம் அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கவிஞர் ஒவ்வோர் அடியையும் இரண்டு முறை படிப்பார். அடி பிடித்துப்போனால் கூட்டம் “ஒன்ஸ்மோர்” என்று குரல் கொடுக்கும். குரல் வந்தால் கவிஞர் அந்தப் பத்தியை மறுபடி படித்தே ஆக வேண்டும். படிக்காவிட்டால் தலைக்கனம் என்பார்கள். தலைமை தாங்குகிறவர் கையில் ஒரு மணி இருக்கும். நேரம் போனால் அடிப்பார்.

கோட்டைக் கவிஞர் முதலில் எழுந்தார். அவர் பாட்டில் ராஜாக்கள் மூன்று மலையிலும் ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். குதிரைகள் களைத்துப்போயிருக்கும். எனக்கு அவர்மேல் பொறாமை, அதை மறைக்கப்போவதில்லை. அவர் படித்த நேரமெல்லாம் நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அப்பன் இழைத்த பலகையில் உட்கார முடியாதவன் கவிதைக்குள் இருந்தான். இங்கே அப்பனே வெளியே நின்றார். என் கையிலிருந்த விடியல் எனக்கு வேண்டாததாகிவிட்டது. வேறு அடிகள் தலைக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தன. எதுகை மோனை பார்க்க நேரமில்லை.

என் முறை வந்தது. முதல் பத்திக்கே கைதட்டல். மழைக்குப் படிக்கத் தெரியாது என்றதும் ஜமக்காளம் முழுக்க ஒன்ஸ்மோர். மறுபடி படித்தேன். முன்வரிசையில் ஒரு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றி சொல்கிற பத்தியில் எல்லோருக்கும் ஆத்திரம். “அடப்பாவிங்களா, இப்படியும் செய்வாங்களா!” என்று ஒருவர் அமெரிக்கர்களைத் திட்டினார். டீக்கடைக்காரர் தலையை ஆட்டி ஆட்டி வருத்தப்பட்டார். ‘இது என் ஊர்’ என்று நான் முடிக்கும்போதெல்லாம் ஒன்ஸ்மோர் என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. தாளம் பிடித்துக்கொண்டது. அடி வந்ததும் குரல் தானாக எழுந்தது.

நான் தாளை மடித்தேன். நாலாம் பத்தியைக் கேட்டைப் பார்த்தபடி சொன்னேன்.

மூட்டையோடு வந்தால் வா என்னும் வாசல்
முதுகு வெறுமையாய் வந்தால் யார் என்னும் வாசல்
வாரம் முழுதும் என் நைனா நடந்த களம்
வந்தும் இன்று வெளியே நின்று பார்க்கும் களம்
இது என் ஊர்.

“ஒன்ஸ்மோர்!”

கேட்டுவிட்டார்கள். தாளத்தின் வேகத்தில், என்ன சொன்னேன் என்பது மண்டையில் ஏறும் முன்பே, அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். கேட்டால் படிக்க வேண்டும், அது வழக்கம். நான் அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக, மறுபடி படித்தேன். இந்தத் தடவை மூட்டை, முதுகு, களம் எல்லாம் அவர்கள் காதில் விழுந்தன. சிலர் திரும்பிக் கேட்டைப் பார்த்தார்கள். சிலர் தங்கள் அடியில் கிடந்த ஜமக்காளத்தைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் மடித்த காலை நீட்டி, மறுபடி மடித்தார். ஒருவரும் கைதட்டவில்லை.

தலைமை தாங்கியவர் மணியை எடுத்து அடித்தார். உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. சொல்ல நினைத்ததைச் சொல்லியாயிற்று, ஊர் வாயை மூடிக்கொண்டுவிட்டது. என் ஊர் என்று நான் சொன்னால் மட்டும் ஆகிவிடுமா, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ‘ம்’ வேண்டாமா என்று மனம் கேட்டது. அந்த நிமிஷம் எனக்கு அந்த ஊரில் யாரும் இல்லை.

அப்போது கேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இன்னொரு தபா சொல்லுடா.”

நைனா. வாழ்நாளில் அந்த மண்டிக்குள் ‘ஒத்து, ஒத்து’ என்று வழி கேட்டதைத் தவிர அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கேட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் ஒன்ஸ்மோர் கேட்டதும் எங்கள் கவியரங்கத்தில் அதுவரை நடந்ததில்லை. தலைவர் மறுபடி மணிக்குக் கையை நீட்டினார். மணி அங்கே இல்லை. தலைவருக்குப் பக்கத்தில் இருந்த என் நண்பன் அதை எடுத்துத் தன் மடியில் வைத்து, மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

யார் கேட்டாலும் வழக்கம் வழக்கம்தான். நான் மூன்றாவது முறையாகத் தொடங்கினேன். மூட்டையோடு வந்தால் வா என்னும் வாசல். முதுகு வெறுமையாய் வந்தால் யார் என்னும் வாசல். களம் வந்தது, வெளியே நின்று பார்ப்பது வந்தது. கடைசி அடியில் என் குரல் உடைந்துபோனது. வாயைத் திறந்தபடி நின்றேன், சத்தம் வரவில்லை.

“இது என் ஊரு” என்றார் நைனா, கம்பியைப் பிடித்தபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.